பழைய வான்குடை வாங்கலாமா?

மழைக்குடை கிழிந்தால் தலை நனையும். விமானியின் வான்குடை (பாராசூட்) கிழிந்தால் உயிரே போகும். பத்துமலை முருகன் சிலை 140 அடி. குதிப்பவரின் வான்குடை முழுதும் விரிய அதைவிட அதிக உயரம் வேண்டும். அமெரிக்க விமானி ஹரால்டு ஹாரிஸ் 1922-இல் உயிர் தப்பியது வான்குடையால்தான்.

புதியதன் விலை அதிகம் என்பதால், சிறு விமானம் ஓட்டுவோர் சிலர் பழையதைத் தேடுகின்றனர். தயாரித்த ஆண்டை முதலில் பாருங்கள். தயாரிப்பாளர் பலர் 20 ஆண்டு வரம்பு வைத்துள்ளனர். வெயிலும் ஈரமும் நைலானை நலியச் செய்யும். நம் நாட்டில் இரண்டுக்கும் குறைவில்லை. அமெரிக்க விதிப்படி, உரிமம் பெற்றவர் 180 நாளுக்குள் பிரித்துச் சோதித்து மடித்ததையே அணியலாம். அத்தகையவர் பார்த்துச் சரியென்ற பிறகே பணத்தைக் கொடுங்கள்.

குடை பழையதாக இருக்கலாம். அதன் பதிவுச் சீட்டு பொய்யாக இருக்கக்கூடாது.