செப்டிக் டேங்க் லாரி வயலுக்கு வந்தால் யாரைக் கேட்பது?

போன மாதம் ஒரு தென்னை விவசாயி போன் செய்தார். நகராட்சி எல்லையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி அவர் தோப்பு இருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர், இரவில் வரும் செப்டிக் டேங்க் லாரிகளைத் தன் நிலத்தில் இறக்க விட்டிருக்கிறார்.

"சும்மா கிடைக்கிற உரம்னு சொல்றார் சார். என் கிணறு அவர் வரப்புல இருந்து முப்பது அடிதான். நகராட்சியில கேட்டா, அது ஊராட்சி எல்லைங்கிறாங்க. ஊராட்சியில கேட்டா, லாரி டவுன் லாரிங்கிறாங்க. நான் யார்கிட்ட போறது?"

எனக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பயிருக்கு உரம் சொல்லத் தெரியும். உரிமம் யார் தருவது என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. நகரத்தை ஒட்டிய ஊர்களில் நிலம் வைத்திருக்கும் பலருக்கும் இதே சிக்கல் இருப்பதால், தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-ல் வந்தது. கழிவுநீரை வெளியே விடும் ஆலைகளுக்கு இசைவு தரும் அதிகாரத்தை அது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் வாரியம் 1982-ல் அமைந்தது. சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலை எல்லாம் அதன் கண்காணிப்பில் வருகின்றன. வீட்டுச் செப்டிக் டேங்க் அந்த வலையில் விழாத சின்ன மீன். கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரும்போது உள்ளாட்சி அலுவலகம் அதைப் பார்க்கும், அதோடு சரி. தொட்டி நிறைந்த பிறகு உறிஞ்சிக்கொண்டு போகும் லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று கேட்க நெடுங்காலம் ஆள் இல்லை.

2014-ல் தமிழக அரசு கழிவுக் கசடு மேலாண்மைக்கென்று உள்ளாட்சிகளுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. 2022-ல் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டத்தில் திருத்தம் வந்தது. இதன்படி கசடு எடுக்கும் லாரி உள்ளாட்சியிடம் உரிமம் பெற வேண்டும். குறித்துக் கொடுத்த சுத்திகரிப்பு இடத்தில்தான் இறக்க வேண்டும். மீறினால் அபராதம், அடுத்து உரிமம் ரத்து. மாநில அளவில் ஒரு வாரியம் பார்க்க முடியாத வேலையை, தெருவைத் தெரிந்த நகராட்சியும் பேரூராட்சியும் பார்க்கட்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான்.

ஆனால் அந்தச் சட்டம் நகரத்துக்கானது, லாரி வந்து நிற்பதோ ஊராட்சியில். உரிமம் தருபவர் ஒரு பக்கம், நாற்றம் பிடிப்பவர் இன்னொரு பக்கம். நம் தென்னை விவசாயி மாட்டிக்கொண்டது இந்த இடைவெளியில்தான்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வதுபோல அது உரமா? கணக்குப் போடுவோம். ஒரு லாரி 5,000 லிட்டர் என்று வையுங்கள். கசட்டுநீரில் தழைச்சத்து லிட்டருக்குச் சராசரியாக 600 மில்லிகிராம் அளவில் இருக்கும். தொட்டிக்குத் தொட்டி நிறையவே மாறும். அப்படிப் பார்த்தால் ஒரு லாரிக்கு 3 கிலோ தழைச்சத்து. யூரியாவில் அது ஆறரைக் கிலோ, இன்றைய மானிய விலையில் 40 ரூபாய் தேறாது. மணிச்சத்து ஒரு கிலோ அளவில் வரும். அதையும் டிஏபி விலையில் சேர்த்தால் மொத்தம் 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கொஞ்சம் கரிமப் பொருள் கிடைப்பது உண்மை. அதை இரண்டு வண்டி தொழுவுரத்தில் இதைவிடச் சுத்தமாக வாங்கலாம்.

அந்த 200 ரூபாய்க்காக நிலத்துக்குள் வேறு என்னென்ன போகிறது? முதலில் குடற்புழு முட்டைகள். நாக்குப்பூச்சியின் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். களை எடுக்கிற பெண்கள் வெறுங்காலோடும் வெறுங்கையோடும் இறங்குவது அந்த மண்ணில்தான். கொக்கிப்புழு கால் தோல் வழியாகவே உள்ளே போகும். கீரை, வெள்ளரி, முள்ளங்கி போட்டால் சந்தை வரைக்கும் போய்ச் சேரும்.

அடுத்தது கிணறு. ஒரே மூலையில் வாரம் நாலு லாரி இறக்கினால், அவ்வளவு தழைச்சத்தை எந்தப் பயிரும் எடுத்துக்கொள்ளாது. மிச்சம் நைட்ரேட்டாக மாறி மழையோடு கீழே இறங்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் ரத்தத்தில் உயிர்வளி ஏறாமல் உடம்பு நீலம் பாய்கிற ஆபத்து உண்டு. காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். இதைப் பல தாய்மார்களிடம் யாரும் சொல்வதில்லை.

உறிஞ்சு குழிகூடக் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. முப்பது அடி என்பது 9 மீட்டர். ஒரு குடும்பத்தின் குழிக்கே இப்படி என்றால், ஊர்க் கழிவைத் திறந்தவெளியில் கொட்டுவதற்கு என்ன தூரம் போதும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிணற்றில் நைட்ரேட் கூடினால் லாரி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நாம் அள்ளிக் கொட்டும் யூரியாவும், கிணற்று மேட்டில் குவிக்கும் சாணக் குப்பையும் சேர்ந்தே அதைக் கூட்டுகின்றன. புகார் கொடுக்கும் முன் தன் தோப்பையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று அந்த விவசாயியிடமும் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கசட்டை உரமாக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாசுபடுத்தாமல் செய்ய வழி இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழிப் பேரூராட்சியில் 2017-லேயே கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது. லாரிகள் அங்கே இறக்குகின்றன. மணலும் ஜல்லியும் போட்ட உலர் படுகையில் தண்ணீர் வடிந்து கசடு காய்கிறது. கோவை அருகே பெரியநாயக்கன்பாளையத்திலும் இப்படி ஒன்று, பக்கத்துப் பேரூராட்சிகளுக்கும் சேர்த்து அமைந்திருக்கிறது. காய்ந்த கசட்டை நம் ஊர் வெப்பத்தில் புதுக்கசடு கலக்காமல் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தாலோ, குப்பையோடு சேர்த்து மக்க வைத்து 50 டிகிரிக்கு மேல் ஒரு வாரத்துக்குக் குறையாமல் சூடேற விட்டாலோ கிருமிகள் பெருமளவு அழியும். ஒரு கிராம் உலர் கசட்டில் புழு முட்டை ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அப்படிப் பரிசோதித்துக் கொடுத்தால் தென்னைக்கும் மரப்பயிருக்கும் தாராளமாகப் போடலாம். பச்சையாகத் தின்னும் காய்க்கு நான் இன்னும் சிபாரிசு செய்யமாட்டேன்.

அதிகாரம் கீழே இறங்குவதால் மட்டும் வேலை நடந்துவிடாது. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் வீட்டுச் செப்டிக் டேங்குக்கு அனுமதி தரும் அதிகாரத்தை, கேட்டு முன்வரும் உள்ளூர் நிர்வாகங்களுக்கு மாநிலம் ஒப்படைக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் நிர்வாகம், மாநிலத்திடம் உரிமம் பெற்ற ஆய்வாளரை வைத்திருக்க வேண்டும். மாநிலம் அவ்வப்போது வந்து சரிபார்க்கும், சரியில்லை என்றால் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நம் பேரூராட்சியில் ஒரு சுகாதார ஆய்வாளர் கொசு மருந்து, குப்பை, பிறப்புச் சான்று எல்லாவற்றுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார். இரவு பதினொரு மணிக்கு வரும் லாரியை அவர் எங்கே போய்ப் பிடிப்பார்?

ஊராட்சியிடம் ஒன்றுமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். குடிநீரும் சுகாதாரமும் அரசியல் சாசனத்தின் 11-வது அட்டவணையில் ஊராட்சிகளுக்கான பொறுப்புகளாகக் குறிக்கப்பட்டவை. 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரப் பணிகளுக்கென்றே கட்டி வைக்கப்பட்டது. எங்கள் ஊருக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கிராம சபையில் கேட்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி தரச் சொல்லியிருக்கிறது. அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். பல ஊர்களில் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

அந்த விவசாயிக்கு நான் சொன்ன வழி இது. முதலில் கிணற்றுத் தண்ணீரை ஊர்ப் பெட்டியில் பார்த்துவிட்டு, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும் கொடுத்து நைட்ரேட், ஈ.கோலி இரண்டுக்கும் முடிவு வாங்க வேண்டும். 100 மில்லியில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. லாரியின் பதிவு எண், தேதி, நேரத்தோடு போட்டோ எடுத்து, எழுத்துமூலம் இரண்டு மனு. ஒன்று உரிமம் தந்த நகராட்சி ஆணையருக்கு. இந்த எண்ணுக்கு உரிமம் உண்டா, எங்கே இறக்க அனுமதி என்று கேட்டு. இன்னொன்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும். நகராட்சி "எல்லை எங்களுடையது இல்லை" என்று சொன்னால், எல்லை இல்லாமல் இருக்கலாம், உரிமம் உங்களுடையதுதானே என்று கேட்க வேண்டும். இரவில் தனியாகப் போய் லாரியை மறிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

நம் பக்கமும் ஒன்று உண்டு. தோட்டத்து வீட்டில் செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கசடு எடுக்க வேண்டும். உரிமம் உள்ள லாரியை மட்டும் கூப்பிட்டு, இறக்கியதற்கு ரசீது கேளுங்கள். எந்தக் காரணத்துக்கும் ஆளைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள், உள்ளே தேங்கும் விஷவாயு ஒரு மூச்சுக்குள் ஆளை விழவைத்துவிடும்.

போன வாரம் அவர் மறுபடி பேசினார். ஆய்வக முடிவில் நைட்ரேட் 45-ஐத் தாண்டியிருக்கிறது, ஈ.கோலியும் இருக்கிறது. அதை முதலில் காட்டியது பக்கத்துத் தோட்டக்காரரிடம்தான். அவர் வீட்டுக்கும் கிணற்றுத் தண்ணீர்தான், மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அன்றைக்கே லாரிக்காரருக்குப் போன் போட்டு, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். இப்போது லாரி இன்னும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஓடைக் கரையில் இறக்குகிறது. மனுவை அந்த இடத்தின் பெயர் போட்டுத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்.