பம்பிக்கு மாற்று எஞ்சின் வாங்குமுன்

இடம்பெயர்ந்து ஊர் திரும்பும்போது கிணற்றடியில் பம்பி மட்டும் கிடக்கும். எஞ்சின் கறள் பிடித்து இறுகிப்போயிருக்கும். கையிலுள்ள காசு ஒரு எஞ்சினுக்குத்தான் காணும். பிழையானதை வாங்கினால் தோட்டம் காய்ந்துவிடும். எனவே கடைக்குப் போகுமுன் கிணற்றடியிலேயே சில விபரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்வது பெல்ட்டால் ஓடும் பம்பிகளைப் பற்றி.

முதலில் பழைய எஞ்சினின் தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். சீனத் தயாரிப்பான டீசல் எஞ்சின்களில் இலக்கமே பாதியைச் சொல்லிவிடும். எஸ்195 என்றால் ஒரு சிலிண்டர், அதன் உள்விட்டம் 95 மில்லிமீற்றர். ஆர்175 என்றால் 75 மில்லிமீற்றர். முன்னையது வழமையாக 12 குதிரை வலு, நிமிடத்துக்கு 2000 சுற்று. பின்னையது 6 குதிரை வலு, 2600 சுற்று.

பலர் ஏமாறுவது இந்தச் சுற்றில்தான். விற்பவர் குதிரை வலுவைச் சொல்வார், சுற்றைச் சொல்லமாட்டார். 2000 சுற்று எஞ்சின் இருந்த இடத்தில் 2600 சுற்று எஞ்சினை வைத்துப் பழைய புல்லியையே பூட்டினால், பம்பி 1.3 மடங்கு வேகமாக ஓடும். தண்ணீர் கூட வருமே என்று சந்தோஷப்பட வேண்டாம். உள்ளே சில்லுச் சுழன்று நீரை எறியும் பம்பிக்கு வேண்டிய வலு, வேகத்தின் மும்மடியாகக் கூடும். 1.3ஐ மூன்று தரம் பெருக்கினால் ஏறக்குறைய 2.2. சுமை இரண்டு மடங்குக்கு மேல்! எஞ்சின் கரும்புகை தள்ளும், சூடேறும், நெடுநாள் தாங்காது.

இதற்கு வழி புல்லியை மாற்றுவது. எஞ்சின் சுற்றை அதன் புல்லி விட்டத்தால் பெருக்கி, பம்பிப் புல்லியின் விட்டத்தால் பிரித்தால் பம்பியின் சுற்று வரும். 2000 சுற்று, 6 அங்குலம், பம்பியில் 8 அங்குலம் என்றால் 1500. எஞ்சின் 2600 ஆனால் நாலரை அங்குலப் புல்லி போதும். ஆனால் புல்லி வலுவைக் கூட்டாது. பம்பித் தகட்டில் கேட்டிருக்கும் வலுவைவிடக் கால்வாசியாவது கூடிய எஞ்சினையே எடுங்கள்.

பம்பியின் உடலிலுள்ள அம்புக்குறியையும் பாருங்கள். எஞ்சின் எதிர்த்திசையில் சுழன்றால் அதை மறுபக்கம் திருப்பி இருத்தலாம்; பெல்ட் நேராக நிற்க இடமிருக்க வேண்டும். போல்ட் துளைகளுக்கு அளவுநாடா தேவையில்லை. அடித்தளத்தில் கடதாசியை விரித்துக் கரியால் தேய்த்தால் துளைகள் பதியும். அதைச் சுருட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

பாவித்த எஞ்சின் என்றால், ஓடவிடச் சொல்லுமுன் கையை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் ஒரு தேநீர் குடித்து, அது ஆறியபின் உங்கள் கையாலேயே சுற்றி ஸ்டார்ட் பண்ணுங்கள்.