‘வீட்டில் விழுந்தேன்’ என்று சொல்லாதீர்கள்

கல்லூரி விடுதி ஒன்றின் மூன்றாவது மாடியில் குளியலறை கீசரைப் பழுது பார்க்க ஏறினார் ஒரு எலக்ட்ரீஷியன். ஷாக் அடித்து ஏணியோடு சாய்ந்தார். இடுப்பெலும்பு முறிந்தது, வலது உள்ளங்கை வெந்துபோனது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடிய சூப்பர்வைசர் வழி நெடுகச் சொன்னது ஒன்றுதான்: “டாக்டர் கேட்டா வீட்ல ஒட்டடை அடிக்கும்போது விழுந்துட்டேன்னு சொல்லுப்பா. வேலைல நடந்துச்சுன்னா போலீஸ் கேஸ் ஆயிடும், காலேஜ் பேரு கெட்டுடும். செலவை நாங்க பாத்துக்கறோம்.” வலியில் துடித்தவர் அப்படியே சொன்னார். அந்த ஒரு வரியோடு அவர் மனைவி ஒன்றரை வருடமாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார். செலவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றவர் பதினோராம் நாளுக்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

தொழிற்சங்க அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுக்கிறேன். பல்கலைக்கழகம், கல்லூரிகளின் பராமரிப்புப் பிரிவிலிருந்து வருகிறவர்களிடம் இதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பிளம்பர், ஏ.சி. மெக்கானிக், தோட்ட வேலை செய்பவர், கழிவறை கழுவும் அக்கா, ஜெனரேட்டர் பார்க்கும் தம்பி என ஆள்தான் மாறுகிறது. மருத்துவமனையில் வாயில் வைக்கப்படும் பொய் மாறுவதில்லை.

விபத்து என்று யார் போனாலும் அவசரப் பிரிவில் பணியில் இருக்கும் டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். விபத்துப் பதிவேடு. ஊரில் எல்லோரும் ‘ஏ.ஆர். காப்பி’ என்று சொல்வது அதன் நகலைத்தான். எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது, யார் அழைத்து வந்தார், மது வாடை உண்டா, காயங்கள் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு இ.எஸ்.ஐ.க்குப் போனாலும், தொழிலாளர் துறைக்குப் போனாலும், கோர்ட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். ஆகவே டாக்டரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: “இன்ன கல்லூரியில், இன்ன வேலை செய்துகொண்டிருக்கும்போது, இத்தனை மணிக்கு அடிபட்டது.” காயம்பட்டவரால் பேச முடியாவிட்டால் கூட இருப்பவர் சொல்ல வேண்டும். சூப்பர்வைசரை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். உடன் வேலை செய்யும் ஒருவராவது ஆட்டோவில் ஏற வேண்டும்.

போலீஸ் கேஸ் என்றால் தனியார் மருத்துவமனை சேர்க்காது என்று மிரட்டுகிறார்கள். முதலில் உயிரைக் காப்பாற்று, சட்ட நடைமுறை பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அரசு டாக்டர், தனியார் டாக்டர் இருவருக்குமே அது பொருந்தும். இத்தனை வருடம் கழித்தும் இந்தப் பூச்சாண்டி எடுபடுகிறது என்றால், அது தப்பு என்று தெரிந்தவர்கள் வாய் திறக்காததுதான் காரணம்.

தவறாகப் பதிவாகிவிட்டால்? ஏ.ஆர். பதிவை அடித்துத் திருத்தித் தர மாட்டார்கள். படுக்கையில் இருக்கும்போதே, உண்மையில் நடந்ததை எழுதி மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலரிடம் (ஆர்.எம்.ஓ.) கொடுத்து, கேஸ் ஷீட்டோடு சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு நகலில் முத்திரையோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். அதே நாளில் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அங்கே புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை நீட்டி அனுப்பிவிடப் பார்ப்பார்கள். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள். சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மின்சார விபத்தாக இருந்தால் மின் ஆய்வாளர் அலுவலகத்துக்கு உயிரிழப்பு என்றால் 24 மணி நேரத்துக்குள்ளும், மற்ற விபத்து என்றால் 48 மணி நேரத்துக்குள்ளும் தகவல் போக வேண்டும் என்பது விதி. நிர்வாகம் சொல்லாவிட்டால் நீங்கள் எழுதுங்கள். எர்த் இல்லை, வயர் பழுது என்று மின் ஆய்வாளர் எழுதும் அறிக்கைக்கு நூறு சாட்சியின் பலம் உண்டு.

அடுத்தது இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர் இதற்குள் வருவார். பிடித்தம் 0.75 சதவீதம். அதாவது 14,000 சம்பளத்தில் 105 ரூபாய். சம்பளச் சீட்டில் அந்த 105 ரூபாய் இருந்தால் மட்டும் போதாது, அது உங்கள் பெயரில் கட்டப்பட்டிருக்க வேண்டும். காப்பீட்டு எண் பத்து இலக்கம். அதை வைத்து உமாங் செயலியில் மாதா மாதம் பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். ‘எனக்கு இ.எஸ்.ஐ. இருக்கு’ என்று எங்கள் அலுவலகத்தில் அடித்துச் சொன்ன எத்தனையோ பேருக்கு நம்பரே கிடையாது. விபத்து நடந்த மறுநாள் அவசர அவசரமாகப் பெயரை ஏற்றிய கான்ட்ராக்டர்களையும் பார்த்திருக்கிறேன். தேதி காட்டிக்கொடுத்துவிடும், கிளை அலுவலகத்தில் தகராறு தொடங்கும். அடிபடுவதற்கு முன்பே பாருங்கள். இன்றைக்கே பாருங்கள்.

இ.எஸ்.ஐ. இருந்தால், வேலையில் அடிபட்டவருக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. எழுந்து வேலைக்குப் போகும்வரை நாள் கூலியில் 90 சதவீதம், முழு மருத்துவம், உறுப்பு ஊனமானால் மருத்துவக் குழு நிர்ணயிக்கும் அளவுக்கு வாழ்நாள் முழுக்க மாதத் தொகை, இறந்தால் குடும்பத்துக்கு மாத உதவி எல்லாம் கிடைக்கும். இதற்கெல்லாம் வாசல் படிவம் 12 என்கிற விபத்து அறிக்கை. அதை அனுப்ப வேண்டியவர் வேலையளிப்பவர். அனுப்பவில்லை என்றால் கிளை அலுவலக மேலாளருக்கு நீங்களே எழுதுங்கள்: பெயர், காப்பீட்டு எண், விபத்து நடந்த இடம், நேரம், பார்த்தவர்கள் பெயர், ஏ.ஆர். நகல். அத்துடன் பணியிடத்தில் விபத்துப் புத்தகம் ஒன்று இருக்க வேண்டும். அதில் உங்கள் பெயர் ஏறியதா என்று கேளுங்கள். அப்படி ஒரு புத்தகத்தைக் கண்ணால் கண்ட பராமரிப்புத் தொழிலாளியை நான் இதுவரை சந்திக்கவில்லை. பேராசிரியர்களின் வருகைப் பதிவு ஒரு நிமிடம் பிசகாமல் இருக்கும் வளாகங்களில்தான் இந்த நிலை.

இ.எஸ்.ஐ. இல்லையா? இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. 1923-ம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. பெயர் மாறினாலும் உரிமை போகவில்லை. மனு போட இரண்டு ஆண்டு அவகாசம். விபத்து நடந்த இடத்திலும் போடலாம், நீங்கள் வசிக்கும் ஊரிலும் போடலாம். போக வேண்டிய இடம் தொழிலாளர் துறை அலுவலகம். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுவைக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருக்கிறார்கள் பலர். அந்த மனு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் தொழிலாளர் துறைக்குத்தான் வரும். அதற்குள் கெடு கரைந்துகொண்டிருக்கும்.

கணக்கைச் சொல்கிறேன். நாற்பது வயதில், 15,000 சம்பளம் வாங்கியவர் வேலையில் இறந்தால், சம்பளத்தில் பாதியை அட்டவணையிலுள்ள 184.17-ஆல் பெருக்க வேண்டும். 13,81,275 ரூபாய். இந்த இடத்தில்தான் கான்ட்ராக்டர் ஒரு லட்சத்தோடு துக்க வீட்டுக்கு வந்து, வெற்றுப் பத்திரத்தில் மனைவியின் கைநாட்டு வாங்குகிறார். மரணத்துக்கான இழப்பீட்டைத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் செலுத்தித்தான் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். நேரடியாகக் கையில் கொடுத்தது இழப்பீடு ஆகாது. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய ஒப்பந்தமும் செல்லாது. ஆகவே ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று ஒதுங்காதீர்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் வாருங்கள்.

‘நீ எங்க ஆள் இல்லை, கம்பெனி ஆள்’ என்று பல்கலைக்கழகம் கை கழுவ முடியாது. வேலை நடந்தது அவர்கள் வளாகத்தில், அவர்கள் தேவைக்கு. சட்டம் அவர்களை முதன்மை வேலையளிப்பவர் என்கிறது. இழப்பீட்டை அவர்களிடமே கேட்கலாம், அவர்கள் பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். மனுவில் கான்ட்ராக்டரையும் பதிவாளரையும் இருவரையுமே எதிர்மனுதாரராகச் சேருங்கள். கான்ட்ராக்டரை மட்டும் போட்டுவிட்டு, அடுத்த வருடம் கம்பெனி பலகையே இல்லாமல் தவித்தவர்கள் உண்டு. ஒப்பந்த நகல், தொழிலாளர் பட்டியல், இ.எஸ்.ஐ. செலுத்திய ரசீது இவற்றை அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

இன்னொரு தந்திரம், ‘குடிச்சிருந்தான்’ என்பது. சின்னக் காயத்துக்கு அந்த வாதம் எடுபடலாம். மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் எடுபடாது. ஏ.ஆர். பதிவில் மது வாடை இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன், ஏ.ஆர்.

கழிவுத் தொட்டிக்கு வருகிறேன். எழுதும்போதே கை நடுங்குகிற விஷயம் இது. விடுதி செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால் ‘ஐநூறு தர்றேன், இறங்கு’ என்பவர் உங்களைக் கொலைக்களத்துக்கு அனுப்புகிறார். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கிற கணம்தான் சாகிற கணம். தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் அப்படித்தான் சாகிறார்கள். முகத்தில் கட்டிய துணி வாயுவைத் தடுக்காது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். இறக்கியவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. இறந்தால் 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம். இந்தத் தொகையைத் தெரிந்துகொள்ளச் சொல்வது வாங்குவதற்காக மட்டும் இல்லை. “இறங்க மாட்டேன், கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்க சார்” என்று நீங்கள் சொல்லும்போது எதிரே நிற்பவருக்கு இது தெரிய வேண்டும். யாராவது விழுந்துவிட்டால் 112-ஐ அழையுங்கள், பின்னாலேயே குதிக்காதீர்கள்.

கழிவறை கழுவும் அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள், ஒன்றை ஊற்றிய இடத்தில் மற்றதைப் போடாதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு. கண் எரிந்து மூச்சு முட்டினால் அதுவும் வேலை விபத்துதான், அதற்கும் ஏ.ஆர். உண்டு. எலக்ட்ரீஷியன் தம்பிகளுக்கு: பியூஸ் கேரியரைப் பிடுங்கினால் மேலே வைக்காதீர்கள், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறுங்கள். எம்.சி.பி. என்றால் பூட்டுங்கள். கரன்ட் போய்விட்டது என்று நம்பி வயரைத் தொட்டவர் மேல் ஜெனரேட்டர் கரன்ட் பாய்ந்த கதைகள் நிறைய.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்பவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிலாளிகளுக்கும் இலவச வக்கீல் உண்டு.

அந்த எலக்ட்ரீஷியன் வழக்கில் கடைசியில் எங்கள் கைக்கு வந்தது ஒரு போட்டோ. விடுதியில் கம்ப்ளெயின்ட் நோட்டு ஒன்று உண்டு. ‘3வது மாடி, கிழக்குப் பக்கம், கீசர் ஷாக் அடிக்குது’ என்று ஒரு மாணவர் எழுதி, ‘அனுப்பவும்’ என்று வார்டன் கையெழுத்துப் போட்டிருந்தார். கீழே விபத்து நாளின் தேதி. எழுதிய மாணவரே அன்றைக்குத் தன் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். நாங்கள் கேட்டுப் போனபோது விடுதியில் புது நோட்டு போட்டிருந்தார்கள். அந்தப் படத்தை அச்செடுத்து, மாணவரின் வாக்குமூலத்தையும் வாங்கி, மனுவோடு இணைத்திருக்கிறோம். விசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அவர் மனைவி அந்தப் பிரிண்டை நாலு நகல் எடுத்துப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறார்.