தடுப்பூசிக்குப் புரதம் செய்யும் பாக்டீரியா: அவசரப்படுத்தினால் கட்டிதான் மிஞ்சும்

முதலாம் படிவத்துப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப் பெற்றோரின் சம்மதம் கேட்டுப் பள்ளியிலிருந்து பாரம் வரும். 2010 முதல் நம் நாட்டில் நடந்துவரும் திட்டம் இது. கையெழுத்துப் போடும் முன் பல வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "கிருமியையா பிள்ளை உடம்பில் ஏற்றுகிறார்கள்?"

இல்லை. எந்த நிறுவனத்தின் எச்.பி.வி. ஊசியானாலும், கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் அந்தக் கிருமியின் மேலோடு மட்டுமே அதில் இருக்கிறது. உள்ளே மரபணு கிடையாது. வெறும் சிரட்டையை நட்டால் தென்னை முளைக்குமா? ஆனால் உடம்பு அந்த ஓட்டைப் பார்த்தே எதிரியை அடையாளம் வைத்துக்கொள்ளும்.

எல்1 என்ற ஒரே புரதத்தின் 360 துண்டுகள் ஒன்றுசேர்ந்து ஓர் உருண்டை ஓடாகின்றன. முதலில் வந்த இரண்டு ஊசிகளில் ஒன்றுக்கு ஈஸ்ட்டிலும் மற்றதற்குப் பூச்சியின் உயிரணுக்களிலும் இந்தப் புரதத்தைச் செய்தார்கள். சீனாவின் சியாமென் பல்கலைக்கழகக் குழு, செலவு குறைந்த இ.கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொண்டது. நம் குடலில் வாழும் அதே இனம்தான்; ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது நோய் தராத வகை. நல்ல தீனி கிடைத்தால் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும்.

எல்1 புரதத்தின் மரபணுவை அதற்குள் வைத்தால் அது புரதத்தைச் செய்து தரும். சொல்வதற்கு எளிது! 37 டிகிரி செல்சியஸில் முழு வேகத்தில் ஓடவிட்டால், ஒரு புரதம் சரியாக மடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டி, மங்கில் ரப்பர் பால் உறைவதுபோல் கட்டியாகிவிடும். அளவு ஏராளம், ஓடாகச் சேரக்கூடியதோ கொஞ்சம்தான்.

அதனால் முதலில் பாக்டீரியாவை மட்டும் நன்றாகப் பெருக்குகிறார்கள். பிறகு சூட்டைக் குறைத்து, புரதம் செய்யத் தூண்டும் மருந்தையும் அளவோடு சேர்க்கிறார்கள். வேலை மெதுவாகும், புரதம் ஒழுங்காக மடியும். மரபணுவின் எழுத்துகளையும் பாக்டீரியாவுக்குப் பழக்கமானவையாக மாற்றி எழுதுவதுண்டு, புரதம் மாறாது. சியாமென் குழு இன்னொன்றும் செய்தது: புரதத்தின் தொடக்க நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டது. அதன்பின் அது கட்டியாகாமல் அதிகம் கரைந்து நின்றது.

அடுத்தது சுத்தம் செய்யும் வேலை. என் பார்வையில் கஷ்டமான பகுதி இதுதான். பாக்டீரியாவின் மேல்தோலில் காய்ச்சலைக் கிளப்பும் நச்சு உண்டு. அதை நீக்கி, ஓடுகளைப் பிரித்து, மறுபடியும் தாமாகவே ஒன்றுசேர விடுகிறார்கள்.

இப்படி உருவான ஊசிக்கு 2019 இறுதியில் சீனா அனுமதி தந்தது. 2021இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சான்றும் கிடைத்தது. அதன்பின் ஐ.நா. அமைப்புகள் ஏழை நாடுகளுக்காக அதை வாங்க வழி பிறந்தது. எச்.பி.வி.யின் 16, 18ஆம் வகைகளை அது தடுக்கிறது. உலகில் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இந்த இரண்டே காரணம்.