ஃபாஸ்டேக்: அந்த 70 நிமிடம் யாருக்காக?

‘டோல்கேட் வரிசையில் நிற்கும்போது ரீசார்ஜ் செய்தால் இனி செல்லாதாமே, ஒரு மணி நேரம் முன்பே ஏற்ற வேண்டுமாமே?’ புதிய ஃபாஸ்டேக் விதி அமலுக்கு வந்த 2025 பிப்ரவரி 17-ஐ ஒட்டி எழுதப்பட்ட வாசகர் கடிதங்களில் இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துக் கவலை நியாயமானது. டேங்கரும் டிரெய்லரும் போர்வெல் ரிக் வண்டியும் எங்கோ வடக்கே ஓட, ஓனர் ஊரில் இருந்தபடி போனில் பணம் ஏற்றுகிற தொழில் இது.

குழப்பத்துக்குக் காரணம் இரண்டு தாள்கள். ஜனவரி 28 தேதியிட்ட தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் (என்பிசிஐ) சுற்றறிக்கை, ரீடர் டேகைப் படித்த நேரத்துக்கு முன் 60 நிமிடத்துக்கு மேலாகவும் படித்த பின் 10 நிமிடம் வரையிலும் டேக் பிளாக்லிஸ்ட்டிலோ பேலன்ஸ் குறைவாகவோ இருந்தால் பரிவர்த்தனை நிராகரிக்கப்படும் என்றது. முன்னும் பின்னுமான அந்த இரண்டு நேரத்திலும் சேர்ந்து அப்படி இருந்தால்தான். வாட்ஸ்அப்பில் வந்த ‘ஒரு மணி நேரம் முன்பே’ என்பதில் அந்தச் சேர்த்தி காணாமல் போய்விட்டது. பிப்ரவரி 19-ல் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், இதனால் வாடிக்கையாளருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்றது.

யார் சொல்வது சரி? வண்டி லேனுக்குள் நுழையும்போது நடப்பதைப் பார்த்தால் விளங்கும்.

கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் பேட்டரி இல்லை, பணமும் இல்லை, பேலன்ஸ் எவ்வளவு என்ற கணக்கும் இல்லை. லேன் மேலே உள்ள ஆன்டெனா 865–867 மெகாஹெர்ட்ஸில் அலை அனுப்புகிறது. லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 2005-ல் திறந்துவிடப்பட்ட அலைவரிசை. அந்த அலையின் சக்தியிலேயே சிப் விழிக்கிறது. வெயிலில் கண்ணாடித் துண்டை ஆட்டி எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சம் அடிக்கும் பையனைப் போல, வந்த அலையையே விட்டுவிட்டுத் திருப்பி அனுப்பித் தன் எண்ணைச் சொல்கிறது. வயர்லெஸ்ஸின் வேலை அவ்வளவுதான். டேக் நல்ல நிலையில் இருக்கிறதா என்று தீர்மானிப்பது வேறு இடம்.

அங்கேதான் சிக்கல். ஐசிடி 2.5 என்ற முறையில் இயங்கும் சாவடி, எண் கிடைத்த அந்த நொடியே மையப் பதிவேட்டைக் கேட்கும். பழைய 2.4 முறைச் சாவடியோ அவ்வப்போது புதுப்பிக்கும் பட்டியலைப் பார்த்துத் தடுப்பைத் திறக்கும். நீங்கள் இப்போது ஏற்றிய பணம் அந்தப் பட்டியலுக்கு வந்து சேர்ந்திருக்காது. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகள் எல்லாம் 2.5-க்கு மாறிவிட்டன என்கிறது ஆணையம். அப்படியானால் ராசம்பாளையத்திலும் வைகுந்தத்திலும் ஓமலூரிலும் சாவடியைத் தாண்டுவதற்கு முன் எப்போது ஏற்றினாலும் செல்ல வேண்டும். சில மாநில நெடுஞ்சாலைச் சாவடிகள் 2025 பிப்ரவரியில் 2.4-ல்தான் இருந்தன, அவையும் ‘விரைவில்’ மாறும் என்றது ஆணையம். தேதி சொல்லாத விரைவில்.

அப்புறம் 60-ம் 10-ம் சேர்ந்த அந்த 70 நிமிடம் எதற்கு? வண்டி போன பிறகு தாமதமாகக் கட்டணக் கோரிக்கை வரும்போது, சாவடியின் வங்கிக்கும் டேக் கொடுத்த வங்கிக்கும் இடையே எழும் தகராறைத் தீர்க்க. ஆணையம் சொல்வது அந்த அளவில் உண்மை. ஆனால் வங்கிகள் பிறகு என்ன பேசிக்கொண்டாலும், டேக் செல்லாது என்று திரையில் தெரிந்த அந்த நிமிடம் கூடுதல் கட்டணத்தைக் கையிலிருந்து கொடுப்பவர் டிரைவர். ‘பாதிப்பில்லை’ என்ற வார்த்தையில் அவர் இல்லை.

சாவடியின் கருவிதான் பழுது, டேக் சரியாக இருக்கிறது, பணமும் இருக்கிறது என்றால்? 2018 மே மாத அறிவிக்கையின்படி கட்டணமே கிடையாது. பூஜ்ய ரசீது தந்து அனுப்ப வேண்டும். டிரைவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள், யாரும் தாமாகத் தரமாட்டார்கள்.

மீதிக் கேள்விகள்:

ஸ்மார்ட்வாட்ச் காட்டிப் பணம் திருட முடியுமா? முடியாது, அப்படித் திருடுவதாகக் காட்டி 2022-ல் பரவிய வீடியோ பொய், பதிவு பெற்ற வணிகருக்கு மட்டுமே பணம் போகும்.

டேகை உரித்து வேறு லாரியில் ஒட்டலாமா? கூடாது, ஒரு வண்டிக்கு ஒரு டேக்.

லோடு விவரம் வரித்துறைக்குத் தெரியுமா? இ-வே பில்லோடு ஃபாஸ்டேக் 2021-லேயே இணைக்கப்பட்டுவிட்டது. வண்டி எந்தச் சாவடியை எப்போது தாண்டியது என்று அதிகாரி பார்க்கலாம்.

பல வண்டிக்கு ஒரே வாலட் வைத்திருந்தால்? அது தீர்ந்தால் எல்லா வண்டியும் ஒன்றாக மாட்டும். குறைந்தபட்ச இருப்புக்கு எஸ்எம்எஸ் எச்சரிக்கை கிடைக்குமா என்று வங்கியில் கேளுங்கள்.