உப்பளத் தொழிலாளர்களின் நாட்பட்ட தசை எலும்பு வலியும் இயன்முறை மருத்துவமும்

நாட்பட்ட தசை எலும்பு வலி என்பது தசை, எலும்பு, மூட்டு, தசைநாண் ஆகியவற்றில் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது விட்டுவிட்டு மீண்டும் வரும் வலியாகும். விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் கடற்கரையில் உள்ள உப்பளங்களைப் போன்று, உடலுழைப்பையே நம்பியுள்ள தொழில்களில் இடுப்பு, கழுத்து, தோள், முழங்கால் ஆகிய இடங்களில் இவ்வலி ஏற்படும் வாய்ப்பு மிகுதி. உடற்பயிற்சி, வலி பற்றிய விளக்கம், வேலைமுறை மாற்றம் ஆகியவற்றின் மூலம் இவ்வலியைக் கட்டுக்குள் வைத்திருக்க இயன்முறை மருத்துவம் உதவுகிறது.

தொழிலும் உடற்சுமையும்

மரக்காணத்தில் உப்பு உற்பத்தி கோடையை ஒட்டிய வறண்ட மாதங்களில் நடைபெறுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நின்றுவிடுகிறது. பருவத் தொடக்கத்தில் பாத்திகளின் தரையைச் சமன்செய்து காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவர். பின் உப்புநீர் பாய்ச்சி, விளைந்த உப்பை நீண்ட கைப்பிடி கொண்ட பலகையால் வாரி வரப்பில் குவிப்பர். அதைக் கூடைகளில் நிரப்பித் தலைச்சுமையாகக் கொண்டு செல்வதும் உண்டு. குனிந்து வாருவது இடுப்புக்கும் தோளுக்கும், தலைச்சுமை கழுத்துக்கும், வழுக்கும் வரப்பில் சுமையுடன் நடப்பது முழங்காலுக்கும் பளுவாகின்றன.

வலி நீடிக்கும் விதம்

புதிதாக ஏற்பட்ட காயத்தில் வலி ஓர் எச்சரிக்கையாகும். நாட்பட்ட வலியில், காயம் ஆறிய பின்னும் நரம்பு மண்டலம் கூடுதல் உணர்திறனுடன் இருப்பதால் சிறிய அசைவும் வலியாக உணரப்படலாம். எனவே வலி மிகுந்திருந்தால் சேதமும் மிகுந்திருக்கும் என்பதில்லை. வலியே இல்லாதவர்களின் எக்சு-கதிர்ப் படங்களிலும் எலும்புத் தேய்மானம் காணப்படுவதுண்டு.

இந்நிலையில் இரண்டு தவறுகள் நேர்கின்றன. அச்சத்தால் நீண்ட நாள் படுத்திருப்பவரின் தசைகள் வலுவிழக்கின்றன. பழைய சுமையே அவருக்குப் பெருஞ்சுமையாகிறது. மாறாக, ஓய்வெடுத்தால் கூலி இல்லை என்ற நிலையில் இருப்பவர் வலி மாத்திரை விழுங்கிவிட்டு முழு வேலையும் செய்கிறார். மறுநாள் வலி கூடுகிறது. வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றிய நிலையில் இத்தகைய மாத்திரைகளை அடிக்கடி உட்கொள்வது சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும்.

சிகிச்சை முறைகள்

உலக சுகாதார அமைப்பு 2023 திசம்பரில் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. வலி பற்றிய கல்வி, உடற்பயிற்சித் திட்டம் முதலியவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டை, இழுவை சிகிச்சை, மீயொலி சிகிச்சை ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாக அளிக்க வேண்டாம் என்கிறது.

பயிற்சிகள் எளியவையே. இடுப்புக்கு, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பை மெல்ல உயர்த்தலாம். முழங்காலுக்கு, நாற்காலியில் அமர்ந்து எழலாம். கழுத்துக்கும் தோளுக்கும், தோள்பட்டைகளைப் பின்னோக்கி இறுக்கித் தளர்த்தலாம். வலி எடுக்காத அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். பயிற்சியின்போது தோன்றும் இலேசான வலி மறுநாளைக்குள் தணிந்துவிட்டால் அந்த அளவைத் தொடரலாம். தணியாவிட்டால் குறைக்க வேண்டும். ஒத்தடம் தற்காலிக ஆறுதல் தரும்; பயிற்சிக்கு அது மாற்றாகாது. காலில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகள் சூடான ஒத்தடத்தால் புண்படலாம்.

பருவத்திற்கேற்ற திட்டம்

வேலை இல்லாத மழைக்காலம் உடலை வலுப்படுத்த ஏற்றது. அம்மாதங்களில் முற்றிலும் அசையாதிருந்துவிட்டு, பருவம் தொடங்கியதும் முழுச் சுமை தூக்குவது வலியை மீண்டும் கிளப்பும். வேலைக்காலத்தில் கூடையின் எடையைக் குறைத்து நடையைக் கூட்டுதல், இருவராகத் தூக்குதல், வாருவதையும் சுமப்பதையும் மாறிமாறிச் செய்தல், இடையிடையே நிமிர்ந்து நிற்றல் ஆகியவை உதவும். தள்ளுவண்டி, நிழல், குடிநீர் ஆகியவற்றைத் தொழிலாளி தனியே ஏற்படுத்திக்கொள்ள முடியாது. அவை வேலை தருவோரின் பொறுப்பாகும்.

மருத்துவ வசதிகள்

2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிற்கே சென்று அளிக்கப்படும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். மேல் சிகிச்சைக்கு முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் உள்ளன.

உடனடியாக மருத்துவரைக் காண வேண்டியவை

கால் வலுவிழத்தல், சிறுநீர் அல்லது மலத்தை அடக்க முடியாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், கீழே விழுந்தபின் தொடங்கிய கடும் வலி, காய்ச்சலுடனோ உடல் மெலிவுடனோ வரும் முதுகுவலி ஆகியவற்றில் பயிற்சியைத் தொடங்கக்கூடாது. முதுகெலும்புக் காசநோயும் வெறும் முதுகுவலியாகவே தொடங்கக்கூடும்.

சிகிச்சையின் பயன்

நாட்பட்ட வலி முழுதும் மறையாமல் போகலாம். ஆகவே இயன்முறை மருத்துவர் வலியின் அளவை மட்டும் கணக்கிடுவதில்லை. எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, இரவில் உறக்கம் வருகிறதா, மாதத்தில் எத்தனை நாள் வேலைக்குச் செல்ல முடிகிறது என்பவற்றையும் கேட்டறிகிறார். இவற்றில் காணும் முன்னேற்றமே சிகிச்சை பயனளிப்பதற்கான அடையாளமாகும்.