இலையைத் திருப்பிப் பாருங்கள்

பிச்சாவரம் கண்டல் காட்டில் படகேறுகிறவர்கள் வேர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் வந்தேன். வளைந்து வளைந்து தண்ணீருக்குள் இறங்கும் வேர்கள், மேலே ஒரே பச்சை. எல்லாமே சுரபுன்னை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தடவை, படகு கரையை உரசிப் போனபோது கைக்கெட்டிய ஒரு கிளையின் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்புறம் சாம்பல் பூசியதுபோல் வெளுத்திருந்தது. கொஞ்சம் தள்ளி நின்ற இன்னொன்றின் இலையையும் திருப்பினேன். அதில் மஞ்சள் கலந்த பச்சை. முதல் இலை கூராக முடிந்தது; இரண்டாவதன் நுனி கட்டைவிரல் போல மழுங்கியிருந்தது.

முதலாவது வெண்கண்டல், அடுத்தது கருங்கண்டல். இரண்டும் அவிசென்னியா என்ற ஒரே பேரினத்துப் பிறப்புகள். சேற்றில் பென்சில்களைக் குத்திவைத்ததுபோல் மேல்நோக்கி நீளும் மூச்சுவேர்கள் இரண்டுக்கும் உண்டு. இரண்டுமே உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளும். வெயிலில் காய்ந்த இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். பூக்கும் காலத்தில் மட்டும் சந்தேகத்துக்கே இடமில்லை. வெண்கண்டல் பூ மிளகளவுதான். கருங்கண்டல் பூ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகன்றிருக்கும், மணமும் அவ்வளவு ரசிக்கும்படி இருக்காது.

உயரத்தை வைத்து அடையாளம் சொல்லக் கூடாது. உப்பு ஏறிய திடலில் வெண்கண்டல் இடுப்பளவுப் புதராகவே ஆயுளைக் கழித்துவிடும். அதே இனம் ஆற்றுநீர் வந்து கலக்கும் வாய்க்கால் ஓரத்தில் மரமாகிவிடும். இரண்டையும் வேறு வேறு செடி என்று நினைக்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

பெயர்களும் நம்மைச் சுற்றவிடும். சுரபுன்னை என்று அகராதியில் தேடினால் மலைக்காட்டு மரம் ஒன்று வரும். சங்கப் பாடல்களின் ‘வழை’க்கு உரைகாரர்கள் சொல்லும் பொருள் அதுதான். பிச்சாவரத்தார் சுரபுன்னை என்பது ரைசோபோரா. அதிலும் அங்கே இரண்டு இனங்கள்: ஒன்று அப்பிகுலேட்டா, மற்றது முக்ரொனேட்டா. இந்த இரண்டு லத்தீன் சொற்களுமே கூர்நுனி என்பதைத்தான் சொல்கின்றன. பெயரைக் கொண்டு பிரிக்கவே வழியில்லை!

பூக்காம்பைப் பாருங்கள். அப்பிகுலேட்டாவில் காம்பு குட்டையாக, தடித்து, இலை உதிர்ந்த கணுவில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் இரண்டே பூக்கள். முக்ரொனேட்டாவில் காம்பு நீண்டு, இலைக் கக்கத்திலிருந்து தொங்கும், பூக்களும் கூடுதல். ஓர் இதழைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், முக்ரொனேட்டாவின் ஓரமெங்கும் வெள்ளை மயிர். அப்பிகுலேட்டாவின் இதழ் வழுவழுவென்று இருக்கும். விதை மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் போலத் தொங்குவது இரண்டுக்கும் பொது. காய் முற்றும்போது அந்த முளையின் கழுத்தில் ஒரு வளையம் தெரியும்: முக்ரொனேட்டாவில் மஞ்சள், அப்பிகுலேட்டாவில் செம்மை.

இந்த நுணுக்கமெல்லாம் தாவரவியல் மாணவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் கண்டல் நடும் ஆர்வம் பெருகியது. சுரபுன்னையின் நீண்ட முளையைச் சேற்றில் குத்திவிட்டால் நட்டாயிற்று; அதனாலேயே கை அதைத் தேடுகிறது. ஆனால் நாள்தோறும் அலை வந்து போகும் வாய்க்கால் விளிம்புதான் அதற்கு உகந்த இடம். உள்ளே, நீர் தேங்கி உப்பு ஏறிய திடலில் தாக்குப்பிடிப்பது வெண்கண்டல். கருங்கண்டலோ அந்த அளவு உப்பைத் தாங்காது. இதைப் பார்க்காமல் நட்டால் நட்ட கூலிதான் மிச்சம்.

பிச்சாவரத்தில் அப்படியான திடல்கள் உருவானதற்கு நாமே காரணம். பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970கள் வரை கூறு கூறாகக் காட்டை வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து, மண் அமுங்கி, தொட்டிபோலக் குழிந்தது. புகுந்த அலைநீர் வெளியேற வழியின்றி வற்றி உப்பாயிற்று. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி அலையை உள்ளே வரவழைத்த பிறகுதான் அங்கே மறுபடி பச்சை பிடித்தது.

இதே காட்டில் எந்த அடையாளத்துக்கும் கட்டுப்படாத சுரபுன்னை ஒன்றும் நிற்கிறது. பூக்காம்பின் நீளம், இதழின் மயிர் என்று எதைப் பார்த்தாலும் இரண்டு இனங்களுக்கும் நடுவாக இருக்கும். 1980களில் அதை லமார்க்கி என்ற வேறொரு கலப்பினமாகப் பதிவு செய்தார்கள். அந்தக் கணக்குப்படி அதன் பெற்றோரில் ஒன்று ஸ்டைலோசா என்ற இன்னொரு ரைசோபோரா இனமாக இருக்க வேண்டும். ஆனால் ஸ்டைலோசா பிச்சாவரத்திலேயே கிடையாது. 1995இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன் இதைத் தனியாக விவரித்து, பல்கலைக்கழகத்தின் பெயரால் அண்ணாமலயானா என்று பெயரிட்டார். அடுத்து வந்த மரபணு ஆய்வு, அப்பிகுலேட்டாவும் முக்ரொனேட்டாவும் கலந்து பிறந்தது இது என்று உறுதி செய்தது. எத்தனையோ பேர் படகில் கடந்துபோன மரம், காம்பையும் இதழையும் ஒருவர் உட்கார்ந்து அளந்த பிறகே தன் பெயரைப் பெற்றது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அந்த மரம் பூக்கும், ஆனால் காய்ப்பது அரிது. நாற்றங்காலில் முளை போட்டுப் பெருக்கிவிடலாம் என்று நம்பி இருக்க முடியாது. அப்பிகுலேட்டாவும் முக்ரொனேட்டாவும் ஒரே வாய்க்காலோரம் அருகருகே நின்று, ஒரே பருவத்தில் பூத்து, ஒன்றின் மகரந்தம் மற்றொன்றைச் சேர்ந்தால்தான் அடுத்த அண்ணாமலயானா பிறக்கும்.